பதினெட்டு மடிக்கணினிகளும் ஒரு கையெழுத்தும்

ஜூன் 24, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். பெண்கள் பள்ளியில் கணினி ஆசிரியை. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டிருக்கும் தற்காலிக வேலைதான், மார்ச் வரைக்கும். ஆனாலும் அம்மா பீடிச் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தெருமுனை வரை கூடவே வந்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி மேடம் பழைய நூலக அறையைத் திறந்து காட்டினார். பதினெட்டு மடிக்கணினிகள், அட்டைப் பெட்டிகளோடு. இங்கே படித்த ஒருவர் பெங்களூரில் பெரிய பதவியில் இருக்கிறார்; அவருடைய அலுவலகத்தில் கழித்த கணினிகளை வாங்கி அனுப்பியிருக்கிறார். உள்ளே எதுவும் இல்லை, எல்லாம் அழிக்கப்பட்டவை. விலையில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று யாரோ மேடத்திடம் சொல்லியிருக்கிறார்கள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளன்று திறப்பு விழா.

“லினக்ஸ் தெரியும்லா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

அது பொய் இல்லை. மூன்றாம் பருவத்தில் அது ஒரு தாள். எழுபத்தெட்டு மதிப்பெண்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். எழுபத்தெட்டு என்பது எழுத்துத் தேர்வு மதிப்பெண்.

கல்லூரி ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு கணினி. ஆங்கில வழியில் படித்து வந்த இருவர் முன்னால் உட்காருவார்கள். நான் பின்னால் நின்று, திரையில் வருவதை ரெக்கார்டு நோட்டில் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எல்லோரும் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். செய்முறைத் தேர்வுக்குப் பன்னிரண்டு நிரல்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சீட்டில் ஏழாவது வந்தது. செய்யுள் ஒப்பிப்பதுபோல் தட்டினேன். ஓடிவிட்டது.

மூன்று வருடத்தில் நான் தனியாக ஒரு கணினியின் முன் உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஜூன் 27, வியாழன்

பென் டிரைவிலிருந்து எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏற்றிவிட்டேன். நினைத்ததைவிட எளிது. திரையில் மலைகளின் படம் வந்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. அறையில் யாரும் இல்லை. தட்டவில்லை.

ஆனால் ஒன்றிலும் வைஃபை இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்ததில் புரிந்தது இதுதான். இந்த மடிக்கணினிகளின் உள்ளே இருக்கும் வைஃபை கருவியை இயக்க ட்ரைவர் என்று ஒரு சின்ன நிரல் வேண்டும். கருவியைச் செய்த கம்பெனி அதைத் திறந்து கொடுக்காததால் இயங்குதளத்தோடு அது வருவதில்லை. தனியாக இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வேண்டுமானால் வைஃபை வேண்டும். கேபிளைச் செருகலாம் என்றால், மெலிதான இந்தக் கணினிகளில் அதற்கான துளையே கிடையாது.

கடைசியில் என் கைபேசியை ஒயரால் கணினியோடு இணைத்து அதிலிருந்து இணையம் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். ஒரு நாள் டேட்டாவில் ஐந்து கணினிக்குத்தான் காணும். அம்மாவிடம் நாலு நாள் எனக்குப் போன் செய்ய வேண்டாம், டேட்டா தீர்ந்துவிடும் என்று சொன்னேன். போன் பேசினால் டேட்டா தீராது. ஆய்வகத்தில் இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 28, வெள்ளி

ட்ரைவர் ஏறும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. எதற்கு என்று தெரியாமல் பள்ளியின் பெயரைக் கொடுத்தேன். கணினியை அணைத்துப் போட்டதும் திரை முழுவதும் நீலமாகிவிட்டது. நடுவே வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி ஆங்கிலம். ஒரு சாவியைப் பற்றி ஏதோ. கல்லூரியில் இப்படி நீலத் திரை வந்தால் ஆய்வக உதவியாளர், “எவ கை வச்சா?” என்று கத்துவார்.

முதல் வரியில் ‘கன்டினியூ’ என்று இருந்தது. அது ஒன்றுதான் எனக்குப் பயமில்லாத சொல். அழுத்தினேன். நீலம் போய் மலைகள் வந்தன.

வைஃபை வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். இந்த முறை நீலத் திரையே வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூலை 2, செவ்வாய்

பதினெட்டிலும் ட்ரைவர் போட்டாயிற்று. பதினெட்டிலும் நீலத் திரை வந்தது, பதினெட்டிலும் அதே வரியை அழுத்தினேன். ஒன்றிலும் வைஃபை வரவில்லை. ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கணினியில் கோளாறு. எல்லாவற்றிலும் வரவில்லை என்றால்?

யோசிப்பதற்குள் மேடம் வராந்தாவிலிருந்தே, “நெட் வந்துட்டா?” என்று கேட்டார். வரவில்லை என்று சொன்னேன். அவர் கைபேசியை எடுத்துக் கேபிள் ஆபீசைக் கூப்பிட்டு, லைன் சரியில்லை, உடனே ஆள் அனுப்புங்கள் என்றார்.

லைன் சரியில்லை என்று நான் சொல்லவில்லை. நெட் வரவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அது உண்மை.

ஜூலை 3, புதன்

கேபிள் ஆபீசிலிருந்து சுடலைமுத்து என்பவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டைப் பையில் திருப்புளியும் பேனாவும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக்காலை மிதியடியில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவரில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டியைப் பார்த்தார். தன் போனில் ஏதோ படத்தை ஓடவிட்டு மேடத்திடம் நீட்டினார்.

“லைன் பளிச்சுன்னு இருக்கு மேடம்.”

“ஒங்க போன்ல ஓடி நான் என்ன செய்ய? பதினெட்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணுலகூட ஓடலையே.”

“அப்பம் கம்ப்யூட்டர்லதான் ஏதாவது இருக்கும்.”

மேடம் என்னைப் பார்த்தார். பெஞ்சு துடைக்க வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். சுடலைமுத்துவும் பார்த்தார், குற்றம் சொல்கிற பார்வை இல்லை, தெரிந்துகொள்கிற பார்வை.

“கம்ப்யூட்டர் எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்றேன்.

“கேட்டுக்கிட்டீங்களா? அவங்க பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டு மேடம்” என்று சிரித்தார்.

பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் துடைத்த பெஞ்சையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 4, வியாழன்

விடாத சாரல். அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன். அப்பாவின் சட்டையில் சிமெண்ட் இறுகிப்போயிருந்தது, தேய்த்துத் துவைத்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

சுடலைமுத்து மறுபடி வந்தார். மேடம் மூன்று முறை போன் செய்திருந்தார். தெருக் கம்பத்திலிருந்து பள்ளி வரைக்கும் ஒயரையே மாற்றினார். இணையப் பெட்டியையும் மாற்றினார். சாரலில் ஏணி வழுக்கியது. யாரும் பிடிக்கவில்லை. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

எல்லாம் முடிந்து உள்ளே வந்தபோது மேடம் இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், வெளிய உள்ளதை எல்லாம் மாத்திட்டேன். உள்ள ஒருக்கா நீங்க பாத்துக்கிடுங்க.”

“பாத்துட்டேன் அண்ணாச்சி.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிற்பகலில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நகல் எடுத்தேன். ‘சு. முத்தரசி’ என்று ஒரு பெயர். சு என்பது சுடலைமுத்துவா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்று சிரிக்காமல் பெஞ்சு துடைத்த பெண்தான். “ஆமா டீச்சர், கேபிள்காரர் எங்கப்பாதான்” என்றாள்.

ஜூலை 8, திங்கள்

மேடம் கேபிள் ஆபீஸ் முதலாளிக்குப் புகார்க் கடிதம் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். ‘இருமுறை வந்தும் பழுதைச் சரிசெய்ய இயலாதவர்’, ‘பணியில் அலட்சியம்’, ‘கணினிகளில் குறை இருப்பதாகத் தட்டிக் கழித்தார்’. அலட்சியம் என்பதில் ட்-டை விட்டுவிட்டு மேலே எழுதிச் சேர்த்தேன்.

கீழே மேடம் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஆய்வகப் பொறுப்பாசிரியை என்று என்னையும் போடச் சொன்னார். போட்டேன். மா. முப்பிடாதி, பி.எஸ்ஸி.

என் பெயருக்குப் பின்னால் பட்டத்தை எழுதியது இதுதான் முதல் தடவை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்திருக்கிறேன். அந்தப் பட்டம் முதல்முதலாக எழுதப்பட்ட இடம் இது.

ஜூலை 9, செவ்வாய்

கட்டற்ற மென்பொருள்காரர்கள் தமிழில் பேசிக்கொள்ளும் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ந்தேன். முப்பிடாதி என்பது எங்கள் பக்கத்து அம்மன் பெயர், ஆணுக்கும் வைப்பார்கள் பெண்ணுக்கும் வைப்பார்கள். குழுவில் எல்லோரும் என்னை ப்ரோ என்றார்கள். நான் திருத்தவில்லை. ஆணாக இருந்தால் கேட்பதற்கு வெட்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து ரஃபீக் என்பவர் பதில் போட்டார். ட்ரைவர் போட்டு அணைத்துப் போட்டதும் நீலத் திரை வந்ததா, அதில் எதை அழுத்தினீர்கள் என்று கேட்டார். முதல் வரியை என்றேன்.

“அதான் ப்ரோ மேட்டர். ரெண்டாவது வரியில போயி அந்த பாஸ்வேர்டக் குடுக்கணும். கவலப்படாதீங்க, மொதத் தடவ எல்லாரும் பயந்துபோயி கன்டினியூதான் அடிப்போம். நான் ரெண்டு தடவ அடிச்சேன்.”

விளக்கமும் சொன்னார். புதிதாக ஒரு ட்ரைவர் வந்திருக்கிறது, உள்ளே விடலாமா என்று கணினி உரிமையாளரிடம் ஒரே ஒரு முறை கேட்கும். கன்டினியூ என்றால் விட வேண்டாம், அப்படியே போகலாம் என்று அர்த்தம். பிறகு கேட்காது, ட்ரைவரை மறுபடி ஏற்றினால்தான் கேட்கும்.

பதினெட்டுக் கணினிகளும் என்னிடம் கேட்டிருக்கின்றன. பதினெட்டுக்கும் நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ரஃபீக்குக்கு நன்றி ப்ரோ என்று எழுதினேன்.

ஜூலை 10, புதன்

காலை எட்டரைக்கே போய் ஒரு கணினியில் செய்து பார்த்தேன். ஏழு நிமிடம். வைஃபை வந்துவிட்டது. ஓரத்தில் அந்தச் சின்ன விசிறி அடையாளத்தைப் பார்த்ததும் கணினியின் மூடியைச் சாத்திவிட்டேன்.

மேடம் வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குத் தென்காசி போய்விட்டார். போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

மற்ற பதினேழையும் பத்தரை மணிக்குள் முடித்தேன். கேபிள் ஆபீசிலிருந்து வேறு ஒருவர் வந்து, மேடத்தின் அறையில் டீ குடித்து, இணையப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் எதையும் தொடவில்லை. பதினொரு மணிக்கு மேடம் ஆய்வகத்துக்கு வந்தார். பதினெட்டுத் திரையிலும் இணையம்.

“பாத்தீங்களா? ஆளை மாத்துனதும் வந்துட்டு.”

மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். அந்த ஆளை வேலையைவிட்டே நிறுத்திவிட்டார்கள், முதலாளி போனில் சொன்னார் என்றார். கடிதம் கொடுத்தால்தான் இந்த ஊரில் வேலை நடக்கிறது என்றும் சொன்னார்.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

முத்தரசிக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. எனக்கு முன்பே வந்து என் மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள், நான் இருமியதைத் தவிர.

ஜூலை 15, திங்கள்

திறப்பு விழா. கணினிகளை அனுப்பிய பெங்களூர் அம்மா வந்திருந்தார். மேடம் பேசும்போது, நம் முப்பிடாதி டீச்சர் அவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி, மூன்றே வாரத்தில் தனி ஆளாக ஆய்வகத்தை உருவாக்கினார் என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தன் தோளில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி உயரத்தில் மாட்டியிருப்பதால் கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தாள். எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. அப்பாவுக்கு விடுமுறை இல்லை. அவர் மூடை தூக்கும் சிமெண்டுக் கிட்டங்கிக்கு லாரியில் லோடு வந்திருந்தது. சாயங்காலம் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“நம்ம கிட்டங்கிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. கம்பத்துல ஏறுத ஆளு, மூடை தூக்கத் தெரியல. நாலு நாள்ல தோளு ரெண்டும் உரிஞ்சுபோச்சு. நல்ல மனுசன், ஒரு வார்த்த முனங்க மாட்டேங்காரு.”

கம்பத்தில் ஏறுகிறவர் மூடைக்கு எதற்கு வந்தார் என்று அம்மா கேட்டாள்.

“கேபிள்ல இருந்தாராம். எவளோ ஒரு டீச்சர் எழுதிக் குடுத்துட்டாளாம்.”

நான் அப்பாவுக்கு ரசம் ஊற்றினேன். தட்டு நிறைந்து கீழே வழிந்தது. அம்மா திட்டினாள்.

எந்தப் பள்ளி என்று அவர் கேட்டிருக்கவே இல்லை. என் பள்ளியாக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவே தோன்றாது.

ஜூலை 19, வெள்ளி

ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 22, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். முதல் பாடவேளையில், கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே. நீலத் திரை, கன்டினியூ, ரஃபீக், எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

“இப்பம் சொல்லி என்ன ஆகப்போவுது?” என்றார். “லெட்டர்ல நான்லா கையெழுத்துப் போட்டிருக்கேன். விழா முடிஞ்சு பேப்பர்ல படமும் வந்தாச்சு. ஒண்ணுந்தெரியாம ஒரு ஆளு வயித்துல அடிச்சேன்னு எனக்குப் பேர் வரணுமா? அந்த ஆளு வேற வேலை பாத்துக்கிடுவாரு. நீ கஷ்டப்பட்டு மேல வந்த பிள்ளை. வாயை மூடிக்கிட்டுப் பாடத்தை நடத்து.”

இன்றுதான் என்னை முதல் முறையாக நீ என்றார். அதில் அன்புகூட இருந்தது.

அறையைவிட்டு வெளியே வந்தபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, அவரே வேண்டாம் என்றுவிட்டார், இனி என் கையில் ஒன்றும் இல்லை. வராந்தாவின் முடிவு வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கும் எழுத மாட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு. ஒரு கணினியில் ஏதோ கேள்வி வந்து நின்றது. உட்கார்ந்திருந்த பெண், “டீச்சர், என்ன அழுத்த?” என்று கேட்டாள். நான் போவதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “கேபிள்காரரக் கூப்பிடுட்டி, ஒயர மாத்துவாரு.”

வகுப்பே சிரித்தது. நான் முத்தரசியைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்லூரி முதல் வருடம் அப்பா லோடு லாரியில் வந்து இறங்கி, வேட்டியெல்லாம் சிமெண்டோடு, கட்டண ரசீதைக் கொடுக்க வாசலில் நின்றார். ‘யாருட்டி அது, சுண்ணாம்புச் செலை?’ என்று ஒருத்தி கேட்டபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். எங்கள் தெருக்காரர் என்றேன். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை.

சாக்கட்டியைக் கீழே வைத்தேன். “லைன்ல ஒரு கோளாறும் இல்ல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அன்னைக்கு நெட் வராததுக்குக் காரணம் நான்தான். தெரியாம தப்பா அழுத்திட்டேன். தெரிஞ்ச பிறகும் யார்ட்டயும் சொல்லல. முத்தரசி அப்பா சொன்னதுதான் சரி.”

மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. இருபது நிமிடமும் பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு முத்தரசி மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

“அப்பா அன்னைக்கே வீட்ல சொன்னாங்க டீச்சர். ஒங்க டீச்சர் ஏதோ மாத்திச் செஞ்சிருக்காங்க, சொன்னா சங்கடப்படுவாங்கன்னு.” பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “நான்தான் சண்ட போட்டேன். அவங்க பி.எஸ்ஸி., எட்டாங்கிளாஸ் படிச்ச ஒங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“பத்துப் பன்னெண்டு நாளா அப்பாட்ட பேசல டீச்சர்” என்றாள். போய்விட்டாள்.

ஜூலை 24, புதன்

காலையிலேயே கடிதம் எழுதினேன். அதே கையெழுத்து, அதே மாதிரித் தாள். ஜூலை 8 தேதியிட்ட புகார் தவறானது, பிழை கணினியில் நான் செய்தது, பணியாளர் இருமுறையும் சரியாகவே சொன்னார். கீழே பெயரை மட்டும் எழுதினேன். பிறகு யோசித்து பி.எஸ்ஸி.யும் சேர்த்தேன். அந்தக் கடிதத்தில் இருந்தது இதிலும் இருக்க வேண்டும்.

அரைநாள் விடுப்புக் கேட்டபோது மேடத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்தார். திருப்பிக் கொடுத்தார். “ஒங்க வேலை மார்ச் வரைக்கும்னு நெனச்சிருந்தேன், அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார். மறுபடி நீங்க என்றார்.

கேபிள் ஆபீஸ் முதலாளி தங்கப்பாண்டி கடிதத்தை இரண்டு முறை படித்தார். “அந்தாளு அப்பவே சொன்னாரும்மா. படிச்சவங்க கையெழுத்து இருக்கேன்னுதான் நான் நம்பல” என்றார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள், நானும் போன் பண்ணுகிறேன் என்றார்.

அங்கிருந்து கிட்டங்கிக்குப் போனேன். அந்தப் பக்கம் வரக் கூடாது என்பது அப்பா எனக்கு வைத்திருக்கும் சட்டம். லாரியின் பின்னால் இரண்டு பேர் மூடை வாங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் அப்பா, பின்னால் சுடலைமுத்து அண்ணாச்சி. இருவர் தலையும் சிமெண்டுத் தூளில் ஒரே மாதிரி வெளுத்திருந்ததால் முதலில் யார் யாரென்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், “அம்மைக்கு என்னம்மா?” என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்றேன். அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, எழுதிக் குடுத்த டீச்சர் நான்தான். தப்பு எம்மேலதான். முதலாளிட்ட எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை வரச் சொன்னாரு.”

அவர் முதுகில் இருந்த மூடையை இறக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றபடி கேட்டார்.

“முத்தரசிட்ட சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேன் அண்ணாச்சி. வகுப்புல, எல்லார் முன்னாடியும்.”

அப்போதுதான் மூடையை இறக்கினார். அதன்மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மூடைக்கு லாரியின் பக்கம் திரும்பி முதுகைக் கொடுத்தார்.

ஜூலை 25, வியாழன்

நேற்று சாயங்காலத்திலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. இன்று வேலை முடிந்து வந்து, தோள்வலிக்குத் தேய்க்கும் தன் தைலப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. என் முன்னால் வைத்தார்.

“நீயே கொண்டு போய்க் குடு.”

அவ்வளவுதான் சொன்னார். சுடலைமுத்து அண்ணாச்சி வீடு மேலத் தெரு, தண்ணித் தொட்டிக்கு எதிர்வீடு என்று அம்மா வழி சொன்னாள்.

முத்தரசிதான் கதவைத் திறந்தாள். அப்பா படுத்திருக்கிறார் என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டாள். டீச்சர் என்று கூப்பிடவும் இல்லை. நான் படி இறங்கும்போது, “இதை எப்பிடித் தேய்க்கணும்?” என்று கேட்டாள்.

பத்து வயதிலிருந்து எங்கள் அப்பாவுக்கு நான்தான் தேய்த்துவிடுகிறேன். திரும்பிவந்து சொன்னேன். முதலில் உள்ளங்கையில் விட்டுச் சூடு வரத் தேய்க்க வேண்டும். கழுத்தடியில் தொடங்கித் தோளுக்கு வர வேண்டும், கீழிருந்து மேலே போகக் கூடாது. தோல் உரிந்த இடத்தில் தைலம் படவே கூடாது, எரியும், ஆனால் கேட்டால் எரியவில்லை என்றுதான் சொல்வார்கள், அதை நம்பாதே.

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பாட்டிலைத் திறந்து, என் முன்னாலேயே, உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினாள். இவ்வளவு போதுமா என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் என்றேன்.